கோழி கிளறிய மண்ணில் வான்கோழிக் குஞ்சை விடாதீர்கள்

2022 வைகாசியில் என் வீட்டுப் பின்கட்டில் 16 வான்கோழிக் குஞ்சுகள் இருந்தன. ஆடி பிறந்தபோது மிஞ்சியவை 2. புயலோ வெள்ளமோ கொண்டுபோயிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டால்தான் அவை செத்தன. அந்த ஒரு தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தீனி, கூண்டு, விலை எல்லாம் வளர்க்க வளர்க்க உங்களுக்கே பிடிபட்டுவிடும். இது பிடிபடாது. தெரியவரும்போது கூண்டு காலியாக இருக்கும்.

எங்கள் ஊர் தோணிரேவு, பழவேற்காடு ஏரிக்கரை. வீட்டுக்காரர் ஏரியில் இறாலுக்குப் போகிறவர். முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் ஏரிக்குள் இறால் ஏறாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடல் பக்கமும் போக விடமாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் அடுப்பு எரிந்தது என் கோழிகளால். 20 நாட்டுக்கோழி, 6 வாத்து, பாம்பு வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்க ஒரு ஜோடி கினிக்கோழி. எல்லாம் ஒரே முற்றத்தில் மேய்ந்து, ஒரே கூரைக்கடியில் அடைந்தன.

வான்கோழி ஆசை வந்தது கிறிஸ்துமஸால். பழவேற்காட்டில் மகிமை மாதா கோயிலைச் சுற்றி எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. டிசம்பர் வந்தால் வான்கோழி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருவார்கள். ஒரு சேவல், மூன்று பெட்டை வாங்கி வந்தேன். விற்றவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பிரிக்கவே வேணாம்மா. கோழியோட கோழியா ஒண்ணா மேயும். தனியா எடம் கிடம் தேடாத." பல வருஷமாக வான்கோழி விற்கிறவர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இடம் வேண்டும் என்று சொன்னால் நான் வாங்காமல் போய்விடுவேன் என்ற பயம்தான். என் நால்வரும் ஒரு வருஷம் கோழிகளோடு மேய்ந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அவர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

அடுத்த மாசியில் முட்டை வைக்க ஆரம்பித்தன. அப்போது என்னிடம் நான்கு நாட்டுக்கோழிகள் அடைக்கு உட்கார்ந்திருந்தன. அதில் கறுப்பி என்று ஒரு பெட்டை. எத்தனை ஈடு குஞ்சு பொரித்தாலும் ஒன்றைக்கூடப் பருந்துக்குக் கொடுக்காதவள். ஒவ்வொன்றின் கீழும் 5 வான்கோழி முட்டை வைத்தேன். கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரம் பெட்டைகள் எழுந்து போய்விடுமோ என்று பயந்தேன். ஒன்றும் எழவில்லை. 20 முட்டையில் 16 பொரித்தது. மின்சாரம் இல்லை, பொரிப்பான் இல்லை, காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளும் இல்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

கறுப்பி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நேரே போன இடம் குழாயடி. முருங்கை நிழல், எப்போதும் ஈரம், கிளறினால் மண்புழு. எங்கள் ஊரின் காய்ந்த மணலில் மண்புழு கிடைக்கிற ஒரே இடம் அதுதான். என் கோழிகள் பத்து வருஷமாகக் கிளறி எச்சமிட்ட மண். குஞ்சுகள் புழுவை இழுத்துத் தின்றதைப் பார்த்து, இதைவிட நல்ல தீனி உண்டா என்று பூரித்துப் போனேன்.

ஏழாவது வாரம் ஒரு குஞ்சு சிறகைத் தொங்கப் போட்டு ஓரமாக நின்றது. மறுநாள் மூன்று. எச்சம் கந்தகத்தைக் கரைத்து ஊற்றியது போல மஞ்சள். வெள்ளைக்கழிச்சல் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. திருஷ்டி, ஊரைக் கூட்டிக் காட்டினாய் அல்லவா என்றார்கள் இரண்டு பேர். நான் மிளகும் பூண்டும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்து உருட்டி ஊட்டினேன். நாட்டுக்கோழிக்குக் கழிச்சல் வந்தால் எங்கள் வீட்டில் கொடுப்பது அது. அதிலேயே ஆறு நாள் போனது. அந்த ஆறு நாளில் 9 செத்தன. அத்தனையும் என் கையிலேயே தலை சாய்ந்தன. நாட்டுக்கோழிகள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கறுப்பி சாகிற குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டே சுற்றினாள்.

பிறகுதான் செத்த குஞ்சு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் அறுத்துக் காட்டினார். ஈரலில் காசு பதித்த மாதிரி வட்டவட்டக் குழிகள். குருட்டுக்குடல் வீங்கி, உள்ளே பாலாடைக்கட்டி போல அடைத்துக் கிடந்தது.

"கோழியோட சேர்த்து விட்டீங்களாம்மா?" என்றார்.

"ஆமா சார், கோழிதான் அடைகாத்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். இதற்குக் கருந்தலை நோய் என்று பெயர். பெயரில்தான் கருந்தலை, தலை கறுக்காமலும் சாகும். இதைக் கொண்டுவருவது ஹிஸ்டோமோனாஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி. நாட்டுக்கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு வெள்ளைப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு எச்சத்தோடு மண்ணுக்கு வருகிறது. அந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் சாகாது. மண்புழு அதைத் தின்று தன்னுள் வைத்துக்கொள்ளும். மண்புழுவைக் கோழி தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வான்கோழிக் குஞ்சு தின்றால் ஈரல் அழுகும். பெரிய வான்கோழிக்கும் வரலாம், ஆனால் குஞ்சுகளைத்தான் கூட்டமாக வாரிக்கொண்டு போகும். ஒன்றுக்கு வந்துவிட்டால் அதன் எச்சத்திலிருந்து பக்கத்துக் குஞ்சுக்கு நேராகவே தொற்றும். இந்தக் கட்டத்தில் மருந்து பெரிதாகக் கேட்காது என்றார். கேட்கவும் இல்லை. இன்னும் 5 போயின.

வீட்டுக்கு வந்து குழாயடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விற்றவர் சொன்ன சொல், என் கறுப்பி, நான் பெருமைப்பட்ட மண்புழு. மூன்றும் சேர்ந்து ஒரே பாதையாகக் குஞ்சுகளிடம் போயிருக்கின்றன.

பிறகு படித்தபோது இன்னும் வயிறெரிந்தது. அமெரிக்காவில் இந்த நோய் வான்கோழிகளை வாரிக்கொண்டு போனபோது, தியோபால்டு ஸ்மித் என்பவர் 1895-லேயே கிருமியைக் கண்டு எழுதியிருக்கிறார். கோழியின் புழு முட்டைதான் அதைச் சுமக்கிறது என்பது 1920-லேயே தெரிந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் தெரிந்த விஷயம் எனக்கு 14 குஞ்சு செத்த பிறகு வந்து சேர்ந்தது. இன்றும் செல்போனில் கோழி, வான்கோழி, வாத்து, கினி எல்லாம் ஒரே பட்டியில் மேய்வதை அழகாகப் படம் பிடித்து, இதுதான் இயற்கை முறை என்று காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் குஞ்சுகள் எத்தனை வாரத்துக்கு உயிரோடு இருந்தன என்று யாரும் காட்டுவதில்லை.

கோழிகளை விற்றுவிடு என்று பலர் சொன்னார்கள். விற்கவில்லை. வாரா வாரம் முட்டைக் காசு தந்தவை அவைதான். அவற்றின் குடலில் புழு இருந்தது அவற்றின் குற்றமில்லை. மாற்ற வேண்டியது இடத்தை.

சவுக்கு ஓரமாக எங்களுக்கு ஒரு மணல் மேடு உண்டு. கோழி ஒரு நாளும் போகாத இடம். வலை காயப்போடுகிற மேட்டை வான்கோழிக்குக் கொடுப்பதா என்று கொழுந்தனார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கொடுத்தது சரிதான் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். பெரிய வான்கோழிகளை அங்கே மாற்றினேன். குஞ்சுகளுக்கு இடுப்பளவு உயரத்தில் மூங்கில் பிளாச்சுப் பரண். எச்சம் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும், குஞ்சின் வாய்க்கு வராது. 12 வாரம் வரைக்கும் அவற்றின் கால் மண்ணில் படவிடுவதில்லை. அடைக்கு வான்கோழிப் பெட்டையையே உட்கார வைக்கிறேன். 10 முதல் 15 முட்டை வரை தாங்கும். அடைக்கோழியின் கீழ் வைக்கத்தான் வேண்டும் என்றால், பொரித்த அன்றே குஞ்சுகளைப் பிரித்து விளக்கு வெப்பத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். தாய்க்கோழியோடு ஒரு நாள்கூட மேயவிடாதீர்கள்.

இதோடு சில பழக்கங்கள். காலையில் முதலில் வான்கோழிக்குத் தீனி, பிறகுதான் கோழிக்கு. கோழிப் பக்கம் போய்வந்த காலோடு பரணுக்குப் போவதில்லை, செருப்பு தனி, துடைப்பம் தனி, தண்ணீர்த் தட்டு தனி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோழிகளுக்கு மருத்துவர் சொன்ன குடற்புழு மருந்து. கினிக்கோழியும் அந்தப் புழுவைச் சுமக்கும், அதனால் அதன் இடம் கோழிகளோடுதான். வாத்துக்கு இந்த நோயால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அது தொட்ட இடமெல்லாம் ஈரமாகும். ஈரம் குஞ்சுக்கு ஆகாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம், வாரத்துக்கு 5 டிகிரியாகக் குறையுங்கள். வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தீனி தேடத் தெரியாது, தீனி முன்னால் இருந்தும் பட்டினியில் சாகும். முதல் பத்துப் பதினைந்து நாள் 10 குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால். முதல் நான்கு வாரத் தீனியில் புரதம் 28 சதவீதம் வேண்டும், கோழிக்குஞ்சுத் தீனி போதாது. வளர்ந்த பிறகு கீரை, வேலிமசால், அகத்தி தாராளமாகத் தின்னும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, அம்மைத் தடுப்பூசி இரண்டையும் தவறவிடாதீர்கள். பிப்ரவரியில் அரசின் கழிச்சல் தடுப்பூசி முகாம் வரும். புதிதாக இனம் தேடுகிறவர்கள் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின நிலையத்தில் கேளுங்கள். நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் வெள்ளையையும் கலந்து உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 நம் வெயிலுக்குத் தாங்கும்.

நம் ஏரிக்கரைக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. நம் வீடுகளில் கருவாட்டுத் தூளும் இறால் தலையும் இல்லாத நாளில்லை. உப்புப் போட்ட கருவாடு எதுவும் வான்கோழிக் குஞ்சுக்கு வேண்டாம். கோழிக்குஞ்சைவிட அதற்கு உப்பு சீக்கிரம் விஷமாகும். 2023-ல் பரணில் ஒரு குஞ்சை நான் இழந்தது அப்படித்தான். கைபம்புத் தண்ணீர் கரித்தால் அதுவும் வேண்டாம், குடிக்கிற தண்ணீரையே வையுங்கள். இறால் தலையை உப்பில்லாமல் வேகவைத்து உலர்த்திப் பெரியவற்றுக்குக் கொடுக்கலாம். விற்பதற்கு மூன்று வாரம் முன்னால் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கறியில் மீன் வாடை வரும். மட்டி ஓட்டை நொறுக்கிப் போட்டால் முட்டை ஓடு கெட்டியாகும். பழைய வலையை வேலிக்கும் பருந்துக்கு மறைப்பாகவும் கட்டுங்கள், ஆனால் தரையில் புரளவிடாதீர்கள். வலை நரம்பு காலில் சுற்றினால் கால் போய்விடும்.

2023 சித்திரையில் இரண்டு வான்கோழிப் பெட்டைகள் 13 குஞ்சு பொரித்தன. ஒன்று உப்பால் போனது, ஒன்றைப் பருந்து தூக்கியது. மீதி 11-ம் வளர்ந்து நின்றபோது டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். கோழி எச்சம், குழாயடி மண், எல்லாம் கலந்து ஓடியது. 11 பறவைகளையும் பரணில் ஏற்றித் தார்ப்பாய் போர்த்தி இரண்டு ராத்திரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சாகவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு 9 விற்றேன், உயிர் எடை கிலோ 400 ரூபாய். வெள்ளம் அந்த மண்ணை மேடு வரை கொண்டுபோயிருக்கும் என்பதால், அதற்குப் பிறகு மேட்டைக்கூட நான் முழுதாக நம்புவதில்லை. பரணைத்தான் நம்புகிறேன்.

பல இனம் சேர்த்து வளர்ப்பது நல்ல வழி என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஒன்று முட்டை தரும், ஒன்று பாம்பைக் காட்டும், ஒன்று டிசம்பரில் மொத்தமாகக் காசு தரும். ஒரே வீட்டில் எல்லாம் இருக்கட்டும், ஒரே மண்ணில் இருக்க வேண்டாம். இரண்டாவது இடமோ ஒரு பரணுக்கு மூங்கிலோ உங்களிடம் இல்லையென்றால், கோழியா வான்கோழியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். முடிவு செய்யாமல் ஒரு குஞ்சும் வாங்காதீர்கள்.