விண்ணுக்குப் போனவரும் மண்ணில் நின்றவரும்

"விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர் யார்?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "ராகேஷ் சர்மா" என்று சொல்லும். ஒரு மதிப்பெண் முடிந்தது என்று அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது.

மலைப்பாதையில் தொடக்கம்

எங்கள் பள்ளி போடிநாயக்கனூரில் மலையடிவாரத்தில் இருக்கிறது. பெற்றோர் பலர் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள். "மேலே போகும்போது காது என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அடைச்சுக்கும் சார், எச்சில் முழுங்கினா சரியாயிடும்" என்றார்கள். சுமார் ஆயிரம் மீட்டர் ஏறியதற்கே காற்றழுத்தம் குறைவதைக் காது உணர்கிறது. காற்றே இல்லாத இடத்தில் வாழ, விண்கலத்துக்குள் காற்றையும் அழுத்தத்தையும் நாமே அமைக்க வேண்டும் என்பதை அதன்பின் எளிதாகப் புரிந்துகொண்டார்கள்.

ராகேஷ் சர்மாவின் பாதை

1949இல் பாட்டியாலாவில் பிறந்து, ஹைதராபாத்தில் படித்தவர். 1970இல் விமானப்படையில் சேர்ந்து, 1971 போரில் மிக்-21 விமானம் ஓட்டினார். 1982இல் அவரும் ரவீஷ் மல்ஹோத்ராவும் இந்திய-சோவியத் விண்பயணத்துக்குத் தேர்வானார்கள். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள பயிற்சி மையத்தில் ரஷ்ய மொழி கற்று, இருவரும் ஒரே பயிற்சியைப் பெற்றார்கள். 1984 ஏப்ரல் 3 அன்று மாலிஷெவ், ஸ்ட்ரெகலோவ் ஆகியோருடன் சோயூஸ் டி-11 கலத்தில் புறப்பட்டவர் சர்மா.

சல்யூட்-7 நிலையத்தில் அவர் இந்திய நிலப்பரப்பைப் பலநிறப் பட்டைகளில் படமெடுத்தார். எடையற்ற நிலையில் உடல் தளர்வதை யோகாசனம் தடுக்குமா என்றும் சோதித்தார். 7 நாள் 21 மணி 40 நிமிடங்களுக்குப் பின் ஏப்ரல் 11 அன்று திரும்பினார். பிறகு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் சோதனை விமானியாகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் நம் மாநிலத்தின் குன்னூரில் குடியேறினார்.

செயல்பாடு 1: ஓட்டை பாட்டில்

பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, மூடியைக் கழற்றிவிட்டு நீர் நிரப்புங்கள். கையில் பிடித்திருக்கும்போது நீர் பீய்ச்சும். உயரத்திலிருந்து கீழே விடும்போது, விழும் நேரம் முழுவதும் நீர் வெளியே வராது. பாட்டிலும் நீரும் ஒரே வேகத்தில் விழுவதே காரணம். விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். 300 கி.மீ. உயரத்தில் தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஈர்ப்பு இருக்கிறது. கலமும் வீரரும் சேர்ந்து பூமியைச் சுற்றியபடி விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடை தெரிவதில்லை.

செயல்பாடு 2: ஜீப்பும் விண்கலமும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு எத்தனை கி.மீ. என்று ஜீப் ஓட்டுநரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். நொடிக்கு 7.7 கி.மீ. செல்லும் கலத்துக்கு அந்தத் தூரம் எத்தனை நொடி என்று வகுத்துப் பார்க்கட்டும். ஒரு சுற்றுக்கு 90 நிமிடம் என்றால் சர்மா எத்தனை முறை பூமியைச் சுற்றியிருப்பார் என்பது அடுத்த கணக்கு. விடை ஏறத்தாழ 126.

அந்தக் கேள்வி

கணக்கு முடிந்ததும் அந்த மாணவி எழுந்தாள். "சார், கூடவே படிச்ச மல்ஹோத்ரா என்ன ஆனாரு?"

வட்டார வினாடி வினாவுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடிந்தது. அவள் அரை மதிப்பெண்ணில் நின்றுபோனாள். போனவனைப் பாராட்டிய நான், இவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மல்ஹோத்ரா மாற்று வீரர். சர்மாவுக்குக் கடைசி நாளில் காய்ச்சல் வந்திருந்தால் அவர்தான் போயிருப்பார். அதற்கு முழுத் தகுதியோடு நின்றார். விமானப்படையில் தொடர்ந்து ஏர் கமடோர் வரை உயர்ந்தார். சர்மாவுக்கு அசோக சக்கரம் தந்த நாடு, அவருக்குக் கீர்த்தி சக்கரம் தந்தது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோதும், மலைக்கு அந்தப்பக்கக் கேரளத்துக்காரரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் மாற்று வீரராக நின்றார். ககன்யான் திட்டத்துக்கான நால்வரில் அவரும் ஒருவர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர்.

இதைச் சொல்லிவிட்டு, "உன்னிடம் நான் அன்றே பேசியிருக்க வேண்டும்" என்று வகுப்பு முன்னிலையிலேயே அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். மறுநாள் நோட்டில் இருபது வினாக்கள் எழுதி வந்து, "அவனுக்குப் பயிற்சி கொடுக்கலாமா சார்?" என்று கேட்டாள். இருவரும் சேர்ந்தே தயாரானார்கள்.

இப்போது எங்கள் பள்ளியில் எந்தப் போட்டிக்கும் இரண்டு பெயர் எழுதுகிறோம். இருவருக்கும் ஒரே பயிற்சி. காலைக் கூட்டத்தில் இரு பெயரும் வாசிக்கப்படும். உங்கள் வகுப்பிலும் இரண்டாவதாக நின்ற பிள்ளை ஒன்று இருக்கும். இந்தப் பாடத்தை நடத்தும் நாளில் அந்தப் பிள்ளையின் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.