விளைபொருள் விற்பனையில் கடன் அட்டைப் பணம் பெறுதல்

விளைவித்தல் ஒரு தொழில். விளைந்ததை நல்ல விலைக்கு விற்றல் மற்றொரு தொழில். முன்னதில் தேர்ந்த குடியானவர் பலர் பின்னதில் நஷ்டமடைவது அநுபவத்தில் கண்ட உண்மை. 1999-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது முதல், இடைத்தரகரின்றி நேரே விற்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவி வந்திருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் பலாப்பழமும் முந்திரியும், வேறு இடங்களில் செக்கெண்ணெய், பாரம்பரிய அரிசி, நாற்றுக்கன்றுகள் ஆகியனவும் சாலையோரக் கடைகளிலேயே விற்கப்படுகின்றன. இக்கடைகளுக்கு வரும் பட்டணத்தார் பலர் கையில் ரொக்கம் வைத்திருப்பதில்லை. கடன் அட்டையை நீட்டி, 'இதில் எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்கின்றனர். அதற்கு உடன்படுவதால் விளையும் லாப நஷ்டங்களை விற்பவர் முன்கூட்டியே கணக்கிட்டு அறிதல் அவசியம்.

அட்டையின் வரலாறும் இயல்பும்

1958-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் பழத்தோட்டங்களும் பருத்தி வயல்களும் சூழ்ந்த பிரஸ்னோ நகரத்தில், பாங்க் ஆப் அமெரிக்கா என்னும் வங்கி ஏறக்குறைய 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அதுவே 1976-இல் விசா என்று பெயர் மாற்றம் பெற்றது. இந்தியாவின் சொந்த ஏற்பாடாகிய ரூபே அட்டை 2012-இல் தொடங்கப்பட்டது.

1998-இல் ஏற்பட்ட கிசான் கிரெடிட் கார்டு குடியானவருக்கு அறிமுகமானதே. அது சாகுபடிச் செலவுக்காகக் குடியானவர் வாங்கும் கடன். இங்கே கூறப்படுவதோ வாடிக்கையாளர் தம் வங்கியில் வாங்கும் கடன். அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு அவருடையதே. விற்பவர் அதைச் சுமப்பதில்லை. வாடிக்கையாளரின் வங்கி பணத்தைக் கொடுக்கிறது. விற்பவரின் வங்கி அதைப் பெற்று, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வரவு வைக்கிறது. மண்டியில் தரகு கழித்துச் சீட்டு எழுதுவதைப் போன்றதே இதுவும்.

கட்டணக் கணக்கு

மேற்கூறிய கட்டணம் லாபத்தின் மேல் அன்று, விற்ற தொகை முழுவதன் மேலும் விழுவது என்பது முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. உதாரணமாக, ஒருவர் 5,000 ரூபாய்க்கு முந்திரிப்பருப்பு விற்றார் என்றும், அதில் அவருக்கு நிற்கும் லாபம் நூற்றுக்குப் பத்து, அதாவது 500 ரூபாய் என்றும் கொள்க. கடன் அட்டைக்கு வங்கி நூற்றுக்கு இரண்டு விதித்தால் கட்டணம் 100 ரூபாய். ஒரே தடவையில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட அட்டை விற்பனையாதலால், அக்கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 18 ரூபாய். ஆகக் கழிவு 118 ரூபாய். லாபத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது.

எல்லா அட்டைகளுக்கும் கட்டணம் ஒன்றல்ல. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாக வரும் பணத்துக்கும் 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் இல்லை. ஏனைய டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு கடைக்காரரிடம், இயந்திரத்தின் வழியே நூற்றுக்கு 40 பைசாவுக்கு மேல் வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் வரையறுத்தது. கடன் அட்டைக்கு அத்தகைய வரையறை செய்யப்படவில்லை; ஒப்பந்தத்தில் கண்டதே விகிதம். ஆதலால் ஒரு வங்கியோடு நில்லாமல் இரண்டு மூன்று வங்கிகளில் விசாரித்து, விகிதத்தை எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் நலம்.

இயந்திரம் எப்போது தேவை?

அட்டை இயந்திரத்துக்கு மாதம் 500 ரூபாய் வாடகை என்று கொள்க. லாபம் நூற்றுக்குப் பத்தாயின், கட்டணமும் வரியுமாகிய 2 ரூபாய் 36 பைசா போக நிற்பது 7 ரூபாய் 64 பைசா. வாடகையை ஈடு செய்யவே மாதம் ஏறக்குறைய 6,545 ரூபாய்க்கு அட்டை விற்பனை நடைபெறவேண்டும். அதுவும், அட்டை வாங்காவிடில் வந்திராத புது விற்பனையாக இருத்தல்வேண்டும். ரொக்கம் கொடுத்து வந்தவரே அட்டைக்கு மாறினால் அது லாபமன்று, நஷ்டமே. ஆகவே முதலில் கட்டணமில்லாத யு.பி.ஐ. கட்டப் படத்தைக் கடையில் வைத்து, அட்டை இல்லையென்று திரும்பிச் செல்வோர் எத்தனை பேர் என்பதை மூன்று மாதம் குறித்து வருக. அக்கணக்கு சாதகமாயிருந்தால் இயந்திரம் பெறுக. சில ஊர்களில் சீசன் காலத்தில் மட்டும் விற்பனை மிகுதியாகும். அத்தகையோர் ஆண்டு முழுவதும் வாடகை செலுத்தவேண்டுமா என்பதையும் கேட்டறிக.

பணம் வந்து சேரும் காலம்

அட்டையில் விற்ற பணம் அன்றே கைக்கு வருவதில்லை. பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் கணக்கில் சேரும். வங்கி விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் தாமதமாகும். சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கவேண்டியவர் அன்றைய அட்டை விற்பனையை நம்பியிருந்தால் ஆட்களின் முன் வெறுங்கையோடு நிற்க நேரும். அறுவடை ஆளுக்குக் கூலி தவறினால் மறுவாரம் ஆள் கிடைப்பது அரிது. ஆகவே ஒரு வாரக் கூலிக்கான ரொக்கத்தை எப்போதும் தனியே வைத்திருப்பது உத்தமம்.

ஜாக்கிரதைகள்

1. இரகசிய எண்ணை வாடிக்கையாளரே அழுத்தவேண்டும். அதைக் கேட்பதோ, அட்டை எண்ணைக் குறித்து வைப்பதோ கூடாது. அட்டையைத் தொட்டுக் காட்டும் முறையில், 2021 ஜனவரி முதல், 5,000 ரூபாய் வரை இரகசிய எண் இன்றியும் பணம் பெறலாம்.

2. வாடிக்கையாளர் பின்னர்த் தம் வங்கியில் ஆட்சேபம் எழுப்பினால், வரவான பணம் சில மாதம் கழிந்தும் திரும்ப எடுக்கப்படலாம். அப்போது விற்பவருக்குத் துணை ரசீதே. இயந்திரம் தரும் காகிதத்தின் எழுத்து வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிவிடுமாதலால், தேதி, தொகை, சரக்கு, ரசீது எண் ஆகியவற்றை அன்றன்றே நாட்குறிப்பில் பதிந்து வைக்கவேண்டும்.

3. சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தை அதே அட்டைக்கே திருப்புக. ரொக்கமாய்க் கொடுத்தல் வேண்டா. ரொக்கமும் வாங்கி, ஆட்சேபமும் எழுப்புவோர் உண்டு.

4. பணம் அனுப்பியதாகக் கைபேசியில் காட்டும் படத்தை நம்பற்க. தம் கணக்கில் வரவு கண்ட பின்னரே சரக்கைக் கொடுக்கவேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. தேவையென்று கூறுபவர் மோசக்காரர். ஏமாந்தவர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

5. டெபிட் கார்டுக்கு வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் வாங்குதல் ரிசர்வ் வங்கியால் தடுக்கப்பட்டது. கடன் அட்டைக்கும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதைத் தடுக்கின்றன. கட்டணத்தை விலை நிர்ணயிக்கும்போதே கருதிக்கொள்ளுதல் முறை.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கூட்டுறவுச் சங்கங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் அட்டை இயந்திரம் வைக்குமிடத்து, அது சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கோடே இணைந்திருத்தல்வேண்டும். எந்த உத்தியோகஸ்தரின் சொந்தக் கணக்கோடும் இணைந்திருத்தல் ஆகாது. நாள்தோறும் இயந்திரம் காட்டும் மொத்தத்தை விற்பனைப் புத்தகத்தோடும், மறுநாள் வங்கி வரவோடும் ஒப்பிட்டுக் கையொப்பமிடுவது அவசியம். சொந்த நிலத்து விளைபொருளையும் வெளியில் வாங்கி விற்ற சரக்கையும் தனித்தனிக் கணக்காய் எழுதும்படி குடியானவருக்கு எடுத்துரைப்பது, பின்னர் வரி விஷயத்தில் கேள்வி எழுந்தால் பெரிதும் பிரயோஜனப்படும்.

விளைவதற்கு முன் விதையை எண்ணிப் பார்ப்பவர், விற்பதற்கு முன் கழிவையும் எண்ணிப் பார்ப்பாராக. கழிவு இன்னதென்று அறிந்து அட்டையை வாங்குபவர், திரும்பிச் செல்ல இருந்த வாடிக்கையாளரையும் இழக்கமாட்டார். தம் உழைப்பின் பயனையும் இழக்கமாட்டார்.