சாயம் ஏறாத கம்பளித் தொப்பி

எங்கள் ஊட்டிப் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கேரட் பிடுங்க வருகிறவர்கள் தலையில் இருப்பதெல்லாம் அக்ரிலிக் தொப்பி. பிளாஸ்டிக் நூல்தான் அது. பட்டியிலே 14 ஆட்டை வைத்துக்கொண்டு நானும் அதையே வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

ஆடு வளர்ப்பது எருவுக்காக. கத்தரித்த மயிரைக் கேட்பார் இல்லை, வேலியோரம் கொட்டிவிடுவோம். "இதிலேயே தொப்பி பின்னலாமே" என்று வீட்டில் சொன்னார்கள். முதல் தடவை துணி வெளுக்கிற மாதிரி கொதிநீரில் சோடா உப்பைப் போட்டுக் கும்மினேன். எல்லாம் கட்டியாகிப் போச்சு. 2 ஆட்டு மயிர் வீண்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு உண்டு. சூடு, ஈரம், கசக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது. சோடாவின் காரமோ இழையையே அரித்துவிடும்.

இப்போது முதுகு, தோள் மயிரை மட்டும் தொப்பிக்கு எடுக்கிறேன். சாணி ஒட்டிய வயிற்றுப்புற மயிரைக் கழித்துவிடுவேன். ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவேண்டும். மறுநாள் கை பொறுக்கும் சூட்டில், பூந்திக்கொட்டைக் கரைசலில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். கசக்காதீர்கள், திருகிப் பிழியாதீர்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கணும். நிழலில் உலர்த்துங்கள். லேசாகப் பிசுபிசுப்பு நின்றால் நல்லது, தூறலை உள்ளே விடாது.

ஊறவைத்த தண்ணீரில் ஆட்டு வியர்வையின் சாம்பல் சத்து கரைந்திருக்கும். அதை மரத்தடிக்கு ஊற்றலாம். கழித்த மயிரை மூடாக்காகப் போட்டால் மெல்ல மக்கித் தழைச்சத்து தரும். ஆட்டுக்கு ரசாயன உண்ணி மருந்து அடித்திருந்தால் இரண்டும் வேண்டாம்.

காய்ந்ததை வாரி, தக்ளியில் நூற்று, இரட்டை இழையாக முறுக்கிப் பின்னுகிறோம். ஒரு தொப்பிக்கு 80 முதல் 100 கிராம் நூல் பிடிக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தலைக்கு ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக்கில் அது நடக்காது.

எல்லா ஆட்டு மயிரும் தலைக்கு ஆகாது. இழை 30 மைக்ரானைத் தாண்டித் தடித்தால் தோலில் குத்தும். கோயம்புத்தூர் குறும்பையின் மயிர் முரடு, விரிப்புக்கும் போர்வைக்கும்தான் சரி. எங்கள் நீலகிரி ஆடு 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட் முதலான சீமை ஆடுகள் கலந்து வந்த இனம், அதனால் மயிர் மென்மை. இன்றைக்கு எண்ணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பராமரிக்கிறார்கள்.

"கலர் போட்டா விக்குமே" என்கிறார்கள். சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்று பார்த்தவர்கள்தானே நாம்! வெள்ளையோடு பழுப்பு மயிரைக் கோடாக விட்டுப் பின்னினாலே அழகாகத்தான் இருக்கு.

ஒன்று முடிக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. சந்தைத் தொப்பி விலைக்குக் கட்டாது. இந்த வருடம் 8 தொப்பிதான் முடிந்தது. 5 வீட்டுக்கே போச்சு, 3 நாங்கள் சொன்ன விலைக்குப் போனது. இன்னும் 2 மூட்டை மயிர் கிடக்கிறது. நூற்கத் தெரிந்தவங்க இருந்தா வாங்க, ஆட்டையும் பார்த்துட்டுப் போகலாம்.