ஏற்றுக்கொண்ட வேலையும் அமானிதமே



மீலாது மாதம் வந்தால் எங்களைப் போன்ற இமாம்களுக்கு வெளியூர் பயான் அழைப்புகள் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரே இரவில் இரண்டு ஊர்களுக்கு ஒப்புக்கொண்டேன். மஃரிபுக்குப் பின் ஓர் ஊர், இஷாவுக்குப் பின் இன்னோர் ஊர் என்பது என் கணக்கு. முதல் ஊரில் கூட்டம் தொடங்கவே தாமதமாகிவிட்டது. இரண்டாவது ஊருக்குப் போய் இறங்கியபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் அருகில் வந்து, “ஹஜ்ரத், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஏன் ஒப்புக்கொண்டேன்? இந்த வருடம் மறுத்தால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். ஹதியா போய்விடுமே என்ற எண்ணமும் இருந்தது, மறைக்கவில்லை.

இதே பயத்தை இன்று நம் வாலிபர்கள் பலரிடம் பார்க்கிறேன். நைனார்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் ஒருவருக்கு வீடியோ எடிட் செய்கிறார்கள், வெப்சைட் கட்டுகிறார்கள். ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. வருகிற ஆர்டரையெல்லாம் வாங்குகிறார்கள். பிறகு இரவு முழுக்க விழித்திருந்து ஃபஜ்ரைத் தவறவிட்டு, தாய் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார்கள். இது புதிய நோயல்ல. பெருநாளைக்கு முந்தின வாரம் தையல் கடையில் போய் நின்று பாருங்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலும் ஆர்டர் பிடித்துச் செய்யும் தொழில்தான். ஆர்டரை நம்பி வாழ்கிறவருக்கு, வேலை இல்லாத நாளும் கவலை, வேலை குவிந்த நாளும் கவலை.

உடம்பும் இதற்குக் கணக்குக் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறக்குறைய 35 சதவீதம் அதிகம்.

இப்போது மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். எகிப்தை விட்டுத் தப்பி மத்யனுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களிடம் வீடு இல்லை, வேலை இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. எந்த நிபந்தனைக்கும் தலையாட்டக்கூடிய நிலை. அங்கே ஒரு பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகச் சொல்லி வேலைக்கு அழைக்கிறார். சூரா கஸஸில் இந்தப் பேச்சு முழுவதும் வருகிறது. எட்டு வருடம் உழைக்க வேண்டும், பத்தாக நிறைவு செய்தால் அது உம்முடைய விருப்பம், உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்பது அந்தப் பெரியவர் சொன்னதன் கருத்து. மூஸா (அலை) உடனே பத்து என்று வாக்குக் கொடுத்துவிடவில்லை. இரண்டில் எதை நிறைவேற்றினாலும் என் மீது குறை சொல்லக் கூடாது என்று பேசி முடித்து, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். பிறகு எதை நிறைவேற்றினார்கள்? இரண்டில் அதிகமானதையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் தந்ததை புகாரியில் காண்கிறோம்.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பத்து நாள் வேலையை எட்டு நாளில் தருவதாகச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறோம், பதினைந்தாவது நாளில் போனை எடுக்காமல் ஒளிகிறோம். வாக்கு மாறுவது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என்ற ஹதீஸை மதரஸாவில் சின்னப் பிள்ளைகள்கூட மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வாக்கு ஒரு லோகோவுக்குக் கொடுத்த தேதியாக இருந்தாலும் வாக்குதானே!

மறுத்தால் மரியாதை குறையும் என்று நினைக்கிறீர்களா? அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு பொறுப்பு தரும்படி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்கள் அவருடைய தோளில் தட்டி, அவர் பலவீனமானவர் என்பதையும் அது ஓர் அமானிதம் என்பதையும் சொல்லி மறுத்துவிட்டார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. இதனால் அபூதர் (ரலி) அவர்களின் ஈமானிலோ உண்மையிலோ குறை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சுமை அந்தத் தோளுக்கு உரியதல்ல, அவ்வளவுதான். தோளில் கை வைத்துச் சொன்ன அந்த விதத்தையும் கவனியுங்கள். மறுப்பதற்கும் ஒரு அதபு இருக்கிறது. ஒரு வாரம் இழுத்தடித்துச் சொல்வதைவிட அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த வேலை தெரிந்த இன்னொரு சகோதரரின் நம்பரைக் கொடுங்கள். ரிஸ்க் உங்களோடு முடிந்துவிடுவதில்லை, அவருக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

“ஹஜ்ரத், கடன் இருக்கிறது, எப்படி மறுப்பேன்?” என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கடன்காரருக்கு மறுப்பது லேசில்லை, அவரைப் பார்த்து தவக்குல் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கேட்ட துஆ ஒன்றில் கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கடன் சுமை எல்லாவற்றிலிருந்தும் சேர்த்தே பாதுகாப்புத் தேடினார்கள். எனவே சோம்பலுக்காக மறுப்பவருக்கு இந்த ஜும்ஆவில் ஆதாரம் கிடையாது. கடன் உள்ளவர் வேலையை வாங்கட்டும். ஆனால் தேதியை உண்மையாகச் சொல்லட்டும், முன்பணம் கேட்கட்டும், “இந்த அளவுக்குத்தான் இந்தக் கூலி, கூடுதல் திருத்தத்துக்குத் தனிக் கூலி” என்று முதலிலேயே எழுதிக்கொள்ளட்டும். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கடைசியாக, வேலை முடிந்து படுக்கும் நேரம். ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் திருகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போயிருந்தது. பணியாள் ஒருவர் வேண்டும் என்று கேட்டுத் தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் பணியாளைத் தரவில்லை. அன்றிரவே மகளின் வீட்டுக்கு வந்து, மகளுக்கும் மருமகனுக்கும் இடையில் அமர்ந்து, படுக்கைக்குப் போகும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். பணியாளைவிட இது சிறந்தது என்றும் தெரிவித்தார்கள். அதன்பின் அலி (ரலி) அவர்கள் அதை ஒருநாளும் விடவில்லை. ஸிஃப்பீன் போர் இரவிலுமா என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டபோது, அந்த இரவிலும் விடவில்லை என்றே பதில் சொன்னார்கள்.