மலையேறும் வண்டியின் பின் ஆக்சில்

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்குச் சவாரி ஓட்டும் நம் சகோதரர்கள் என்ஜின் ஆயிலை மறப்பதில்லை. பின் ஆக்சிலைத்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஊளைச் சத்தம் கூடி, விட்டதும் மாறினால் கிரவுன், பினியன் பற்களையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்களைப் பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும்போது 'டக்' என்று அடித்தால் உடனே டிஃபரன்ஷியலைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். கிராஸ் ஜாயிண்டை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் சின்னச் செலவோடு போய்விடும்.

ஆயில் மாற்றும்போது ஊற்றும் மூடியை முதலில் கழற்றுங்கள். அது திறக்காமல் இறுகியிருந்தால், கீழே வடித்த பிறகு தவிப்பீர்கள். காந்த மூடியில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். உலோகத் துண்டு இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

ஆக்சில் சீல் கசிவை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த ஆயில் பிரேக் ஷூவை நனைத்துவிட்டால் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது உயிருக்கே ஆபத்து. புது சீல் போட்டும் கசிந்தால் ஆக்சில் மேலுள்ள பிரீதர் மண்ணடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஏறும் அழுத்தம் சீலைத் தாண்டி ஆயிலைத் தள்ளும்.

ஃபோர்வீல் கியரைச் சேற்றிலும் சரளையிலும் மட்டும் போடுங்கள். தார் ரோட்டு வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறுவேறு, கியர்கள் முறுக்கிக்கொள்ளும். லிவர் இறுகிப்போனால் பலத்தால் இழுக்காமல், நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் விடுபட்டுவிடும்.