மன்னாவும் மருந்தும்



வனாந்தரத்தில் மன்னா பொழிந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள் (யாத்திராகமம் 16). ஒவ்வொரு குடும்பமும் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. மறுநாளுக்கென்று பதுக்கியவர்களின் பாத்திரத்தில் அது புழுத்துப்போயிற்று. நம் காலத்திலும் இதுபோன்ற ஒன்று நடந்தது.

நடந்தது என்ன?

2020 டிசம்பர் 8ந் திகதி பிரித்தானியாவில் கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆறு வாரங்களின் பின், 2021 ஜனவரி 18ந் திகதி, உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் தெட்ரோஸ் ஒரு கணக்கைச் சொன்னார். வசதி படைத்த 49 நாடுகளில் 3 கோடி 90 இலட்சம் ஊசிகள் போடப்பட்டிருந்தன. மிக வறிய நாடொன்றில் போடப்பட்டவை 25. இருபத்தைந்து இலட்சமல்ல, இருபத்தைந்து ஆயிரமுமல்ல, வெறும் இருபத்தைந்து!

காரணம் என்ன?

மருந்து தயாராகுமுன்பே செல்வந்த நாடுகள் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டன. சில நாடுகள் தம் சனத்தொகைக்கு வேண்டியதிலும் பல மடங்கு கேட்டிருந்தன. எல்லா நாடுகளுக்கும் பங்கிடவென 2020இல் தொடங்கப்பட்ட 'கோவக்ஸ்' திட்டம் வரிசையின் கடைசியில் நின்றது. 2021 முடிவுக்குள் 200 கோடி ஊசிகள் கொடுக்க எண்ணியது; பாதிகூடக் கொடுக்க முடியவில்லை. இந்தியாவில் நோய் பெருகி ஏற்றுமதி நின்றபோது, இலங்கையிலும் முதல் ஊசி பெற்ற பல இலட்சம் பேர் இரண்டாவதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு யூலை இறுதியில் யப்பானிலிருந்து மருந்து வந்த பின்னரே அது கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நைஜீரியா 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளை அழித்தது. அவை காலாவதியாகச் சில வாரங்களே இருந்தபோது நன்கொடையாக வந்தவை. புழுத்த மன்னா நினைவுக்கு வரவில்லையா?

தன் பிள்ளைக்கு முதலில் சோறு போடுவது தவறா?

தவறல்ல. தன் மக்களைக் காப்பது அரசின் கடமை. ஆனால், நம் பிள்ளை வயிறாற உண்டபின் நாளைக்கென்று பானையை மூடிவைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடலாமா? நோயாளரைத் தொட்டுப் பராமரிக்கும் ஆபிரிக்கத் தாதிக்கு ஒன்றுமில்லாதபோது, ஐரோப்பாவின் திடகாத்திரமான இளைஞனுக்கு ஊசி போடுவது எந்த நீதி?

பாப்பரசர் பிரான்சிஸ் 2020 நத்தார் செய்தியில், தடுப்பூசி எல்லாருக்கும், சிறப்பாக எளியவர்களுக்குக் கிடைக்கவேண்டுமென வேண்டினார். மருந்தின் காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் யோசனையையும் 2021 மே மாதத்தில் ஆதரித்தார். இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் கேட்ட அந்தச் சலுகையில் ஒரு பகுதியே 2022 யூனில் கிடைத்தது. அடுத்த கொள்ளைநோயில் மருந்தை நீதியாகப் பங்கிடுவதற்கென 2025 மே மாதத்தில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. எழுதியதைக் காப்பார்களா என்பதே கேள்வி.

குடும்பமாகச் சிந்திக்க:

1. தட்டுப்பாடு வந்தபோது நம் வீட்டில் எதைப் பதுக்கினோம்? அதனால் யாருக்கு இல்லாமற் போயிற்று?

2. வரிசையில் நமக்கு முன்னே நிற்கவேண்டியவர் யார்?