உயிலைப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்

வாரன் பஃபெட் 2025 முடிவில் பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டார். 1965-இல் நலிந்த துணி மில்லாகக் கைக்கு வந்த கம்பெனி அது. அறுபது வருஷம் நடத்தி, 95 வயதில் கிரெக் ஏபெலிடம் ஒப்படைத்தார். அவர் எந்தப் பங்கை எப்போது வாங்கினார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, 2024 நவம்பரில் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் பெற்றோருக்குச் சொன்ன யோசனை. பிள்ளைகள் விவரம் தெரிந்த வயதுக்கு வந்துவிட்டால், உயிலில் கையெழுத்துப் போடும் முன்பே அவர்களைப் படிக்கவிடுங்கள். ஏன் இப்படிப் பிரித்தோம், யாருக்கு என்ன பொறுப்பு என்று புரியவையுங்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர் போன பிறகு உயிலைப் பார்த்துக் குழம்பிப் பிரிந்துபோன குடும்பங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறார்.

தங்கச்சி, இது ஸ்ரீரங்கத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் எத்தனை வீடுகள்! பெல் தொழிற்சாலையிலோ பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலோ ரிட்டையரான அப்பா, சமையலறைக்கு வெளியே ஒரு கணக்கும் தெரியாத அம்மா, பெங்களூரிலும் நியூஜெர்ஸியிலும் பிள்ளைகள். எந்த பேங்கில் எவ்வளவு, எந்தப் பத்திரம் எந்த பீரோவில் என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் மட்டும். கேட்டால், “நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சு?” என்று வாயை அடைத்துவிடுவார்.

அதனால் உயில் என்ற சொல்லோடு ஆரம்பிக்காதே. “அப்பா, உங்க எஃப்.டி.க்கு நாமினி யாரு?” என்று கேள். இந்தக் கேள்விக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 2025 நவம்பர் முதல் பேங்க் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்பதையும் சொல். அதைச் சாக்கிட்டு அம்மாவோடு கிளைக்குப் போய்வரச் சொல். அம்மா மேனேஜர் எதிரில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிப் பழகட்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். நாமினி என்றால் வாரிசு இல்லை. பணத்தை வாங்கி, உரியவர்களிடம் சேர்க்க வேண்டிய ஆள்தான். பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொல்லிவிட்டது. “என் பேரைத்தானே போட்டிருக்கு” என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

அடுத்து பீரோ. மஞ்சள் பூத்த காகிதப் பங்குப் பத்திரங்கள் இருந்தால் வெளியே எடு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதத்தில் இருக்கும் பங்கை விற்க முடியாது, டீமேட்டுக்கு மாற்றியாக வேண்டும். தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் பங்குகளே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு (ஐ.இ.பி.எஃப்.) போயிருக்கும். பயப்படாதே, உரியவர் ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் போட்டுத் திரும்பப் பெறலாம். பாதிப் பங்கைக் கமிஷனாகக் கேட்கிறவரிடம் போகாதே. பத்து வருஷமாகத் தொடாத பேங்க் டெபாசிட்டை ரிசர்வ் பேங்கின் ‘உத்கம்’ தளத்தில் பெயரோடு பான் எண், பிறந்த தேதி போன்ற ஒரு விவரத்தையும் போட்டுத் தேடலாம்.

பங்கைக் கண்டுபிடித்த பிறகு ஒரு கேள்வி உண்டு: இதை இன்னும் வைத்திருக்க வேண்டுமா? நம் பக்கத்தில் இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம். கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க்கின் பங்கைத் தாத்தா வாங்கினார் என்பதற்காகவே பல வீடுகளில் விற்காமல் வைத்திருந்தார்கள். 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். பேங்க்கோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. அதே கரூரில் 1916-இல் பிறந்த கரூர் வைசியா பேங்க் நன்றாகவே நடக்கிறது. ஆக, நம்ம ஊர், தாத்தா காலத்துச் சொந்தம் என்பது பங்கின் தரத்துக்குச் சாட்சி ஆகாது. பாசத்தைத் தாத்தாவின் போட்டோவிடம் காட்டு. பேங்க்கின் வாராக் கடன் எவ்வளவு என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை, தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது, அப்போது கல்யாணம் ஆகாதவர்களுக்கு. 2005-இல் மத்தியச் சட்டம் கல்யாணமானவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. உயில் இல்லாமல் போனால், அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது அம்மா, பிள்ளை, பெண், அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவரும் என்று சமமாகப் பிரியும். எனவே பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு உன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அண்ணன் நீட்டினால், “படிச்சுட்டுத் தரேன் அண்ணா” என்று வாங்கி வை. விட்டுக்கொடுக்க ஆசை இருந்தால் தாராளமாக விட்டுக்கொடு. தெரிந்து கொடு.

உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். சாட்சி இரண்டு பேர், சொத்தில் பங்கு வராதவர்களாக இருப்பது நல்லது. வயதானவர் என்றால் ஒரு சாட்சி அவரைப் பார்க்கும் டாக்டராக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

அப்பாவுக்குத் தர்மம் செய்ய ஆசை இருக்கிறதா என்றும் கேள். திருச்சியின் சேஷசாயி பிரதர்ஸ் நிறுவனத்தார் 1943-இல் திருவிதாங்கூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அது இன்று மத்திய அரசு நிறுவனம். அரியமங்கலத்தில் 1952-இல் தொடங்கிய பாலிடெக்னிக்கோ இன்றும் அவர்கள் பெயரோடு பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லித்தருகிறது. ஸ்ரீராம் குழுமத்தை 1974-இல் தொடங்கிய ஆர். தியாகராஜன், தன் பங்குகளைக் கம்பெனியில் தன்னோடு உழைத்தவர்களுக்கான டிரஸ்டுக்கே கொடுத்துவிட்டார். நம் வீட்டில் அவ்வளவு இருக்காது. பெருமாளுக்கு ஒரு கட்டளையோ, படித்த பள்ளிக்கு ஒரு பரிசோ இருக்கலாம். எதுவானாலும் எந்தத் தொகை, எந்தக் கணக்கிலிருந்து, யார் நடத்துவது என்று உயிலிலேயே எழுதச் சொல். வாய்வார்த்தையாக விட்ட தர்மம் அடுத்த தலைமுறைக்குக் கடனாகவும் சண்டையாகவும் தெரிகிறது.

உயிலைப் படிக்க எப்போது உட்காருவது? வைகுண்ட ஏகாதசிக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். சொர்க்கவாசல் சேவித்து, துவாதசிப் பாரணையும் முடிந்த மத்தியானம் வைத்துக்கொள். வெளிநாட்டில் இருப்பவனை வீடியோ காலில் கூப்பிடு. மருமகளையும் மாப்பிள்ளையையும் வெளியே அனுப்பாதே. அப்பா படிக்கட்டும். அம்மா எழுந்து உள்ளே போகப் பார்ப்பார், கையைப் பிடித்து உட்காரவை.